யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு: புதுமுக மாணவர் கேட்கும் கேள்விகள்

வடக்கிலுள்ள இந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, கையில் கடிதத்தோடு என்ன செய்வதென்று யோசிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எழுதப்பட்ட பக்கம் இது. முதலாம் ஆண்டில் பிள்ளைகள் சிக்கிக்கொள்ளும் இடங்களை எடுத்துப் பார்த்தால், படிப்பு கடினம் என்பதைவிட, ஒரு திகதி தவறியது, ஒரு கடிதம் கொடுக்கப்படவில்லை, கொடுத்ததற்குப் பிரதி இல்லை என்பவைதான் அதிகம். அதனால் அவற்றையே கூடுதலாகச் சொல்கிறோம்.

பல்கலைக்கழகம் என்றால் திருநெல்வேலி மட்டும்தானா?

இல்லை. 1974 ஒக்டோபர் 6ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் திறக்கப்பட்டது திருநெல்வேலியில்தான். அதற்குமுன் அந்த இடம் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி. வளாகத்துக்குள் நிற்கும் பரமேஸ்வரன் ஆலயமும் வெளியே பரமேஸ்வராச் சந்தி என்ற பெயரும் அந்தக் காலத்தின் மிச்சம். முதல் வளாகத் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. பெரிய கூட்டங்கள் நடக்கும் கைலாசபதி கலையரங்கு அவர் பெயரில் உள்ளது. 1979 ஜனவரியில் தனிப் பல்கலைக்கழகமான போது பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார்.

இன்று கலை, விஞ்ஞானம், முகாமைத்துவம் ஆகிய பீடங்கள் திருநெல்வேலியில். மருத்துவ பீடம் பக்கத்தில். ஆனால் சிகிச்சைப் பயிற்சிக்கு நகரிலுள்ள போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இசை, நடனம் பயில்வோர் மருதனார்மடத்தில், சித்த மருத்துவம் பயில்வோர் கைதடியில். விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே 60 கிலோமீற்றருக்கு மேல். பொறியியல் பீடத்துக்குக் கிடைத்த பிள்ளைக்குத் திருநெல்வேலியில் அறை பார்த்து முற்பணம் கட்டிய பெற்றோரும் உண்டு. அறை தேடுமுன் பீடம் எங்கே என்று பாருங்கள். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகம். அதன் அலுவல்களை இங்கே கேட்டுப் பயனில்லை.

பதிவுக்கு என்னென்ன ஆயத்தம் வேண்டும்?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அறிவித்தலில் உள்ள கடைசித் திகதிதான் முதல் முக்கியமான விடயம். அதற்குள் பதியாதவரின் இடம் வெற்றிடமாகி, வெட்டுப்புள்ளிக்குக் கீழே காத்திருப்பவருக்குப் போய்விடும். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம அலுவலர் சான்று ஆகியவற்றின் மூலப் பிரதியையும் மூன்று மூன்று போட்டோப் பிரதிகளையும் ஒரே கோப்பில் வையுங்கள். பெயரின் ஆங்கில எழுத்து எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் அடையாள அட்டையில் இன்னொன்றுமாக இருந்தால், வங்கிக் கணக்கிலும் புலமைப்பரிசிலிலும் கடைசியில் பட்டச் சான்றிதழிலும் அது வந்து நிற்கும்.

விடுதி கிடைக்குமா?

முதலாம் ஆண்டினருக்கும் இறுதியாண்டினருக்கும் பொதுவாக முன்னுரிமை உண்டு. இடையில் வரும் ஆண்டுகளில் வெளியே தங்க வேண்டி வரும் என்று நினைத்தே திட்டமிடுங்கள். தூரமும் குடும்ப வருமானமும் கணக்கில் எடுக்கப்படும். தூரத்தை நிறுவுவது கிராம அலுவலர் சான்றுதான். அது இல்லாத விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

வெளியே போடிங் எடுக்கும்போது எதைப் பார்ப்பது?

திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், கலட்டிப் பக்கம் வீடுகளில் அறை கொடுப்பார்கள். வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வருவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

மின்சாரம் எப்படிக் கணக்கிடப்படும் என்று கேளுங்கள். வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறும். ஒரே மானியில் வீட்டுக்காரரும் ஆறு மாணவரும் இருந்தால் எல்லோருமாக உயர்ந்த படிக்குப் போய்விடுவார்கள். நீங்கள் குறைவாகப் பாவித்தாலும் உங்கள் பங்கு கூடித்தான் வரும். அறைக்குத் துணை மானி இருந்தால் நல்லது. 1,800 வாட் மின்கேத்தலை நாளுக்குப் பத்து நிமிடம் போட்டால் மாதம் 9 அலகு. ஆறு பேரும் தனித்தனியே போட்டால் 54. ஒரு வெந்நீர்ப் போத்தலை எல்லோரும் பகிர்ந்தால் இந்தச் சண்டையே வராது.

அடுத்தது தண்ணீர். யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறையில் தங்குவது, அதனால் கனத்த நீர். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும், சவர்க்காரம் நுரைக்காது, மலைநாட்டிலிருந்து வருபவர்களுக்குத் தலைமுடி முரடாகிவிட்டதென்ற கவலை வரும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் உரத்திலிருந்து கிணற்றில் இறங்கும் நைத்திரேற்று போகாது. தோட்டங்களை ஒட்டிய கிணறு என்றால் குடிப்பதற்குச் சுத்திகரித்த நீரைத் தனியே வாங்குவது மேல். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கண்ணால் பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

வெளிக்கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும், அறையில் சமைக்கலாமா, மச்சம் சமைக்கலாமா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். பல வீடுகளில் சைவம் மட்டும்தான். முற்பணம் கொடுத்தால், சிறு துண்டுக் கடதாசியில் என்றாலும், தொகையும் திகதியும் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள்.

மஹாபொலப் புலமைப்பரிசில் எப்போது வரும்?

படிப்புத் தொடங்கிய மாதமே வராது. முதல் தவணை வரப் பல மாதம் எடுக்கும். வந்தால் நிலுவையும் சேர்ந்து வரும். ஆகவே குறைந்தது நான்கு மாதச் செலவை வீட்டிலிருந்து சமாளிக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதத் தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மஹாபொல கிடைக்காதவர்கள் நிதி உதவிக்கு, அதாவது பேசரிக்கு, விண்ணப்பிக்கலாம். அதற்கும் குடும்ப வருமானச் சான்று வேண்டும்.

வகுப்பு வரவு குறைந்தால் தவணை நிற்கும். பணம் வரவில்லையென்று வங்கியில் போய்க் கேட்பவர்கள் பலர். கேட்க வேண்டிய இடம் நலச்சேவைகள் கிளை.

பரீட்சைக்கு இருக்க 80 சதவீத வரவு வேண்டும் என்றால் எத்தனை நாள் விடலாம்?

நினைப்பதைவிடக் குறைவு. ஒரு செமஸ்டர் 15 வாரம். வாரத்தில் இரண்டு விரிவுரை உள்ள பாடத்தில் மொத்தம் 30. அதில் 24க்கு இருக்க வேண்டும், 6 விடலாம். ஆனால் வாரத்தில் ஒருமுறை மட்டும் நடக்கும் பாடத்தில் 15க்கு 12. மூன்றுதான் விடலாம்.

தூரத்துப் பிள்ளைகள் மாட்டுவது இங்கேதான். கொழும்புக்கோ கண்டிக்கோ மட்டக்களப்புக்கோ போக வெள்ளி மத்தியானமே கிளம்பிவிடுவார்கள். வெள்ளி பிற்பகல் நடப்பதோ வாரத்தில் ஒருமுறை வரும் செய்முறை வகுப்பு. மாதம் ஒருதரம் போனாலே மூன்று முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு காய்ச்சல் வந்தால் பரீட்சைக்கு இருக்க முடியாது. நேரசூசி கையில் கிடைத்த அன்றே, வாரத்தில் ஒருமுறை வரும் வகுப்புகளைச் சிவப்பால் வட்டமிட்டுக்கொண்டு அதன்படி பயணத்தை அமையுங்கள்.

நண்பரிடம் சொல்லிக் கையொப்பம் வைப்பிக்காதீர்கள். கையெழுத்து ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டால் வைத்தவரும் வைப்பித்தவரும் சேர்ந்தே விசாரணைக்குப் போவார்கள்.

ஜீ.பி.ஏ., அதாவது தரப்புள்ளிச் சராசரி, எப்படிக் கணக்கிடுவது?

ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். ஏ பிளசும் ஏயும் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, சி பிளஸ் 2.3, சி 2.0.

ஒரு கணக்குப் பார்ப்போம். 3 கிரெடிட் பாடம் மூன்றில் ஏ மைனஸ், பி பிளஸ், சி பிளஸ். 2 கிரெடிட் பாடத்தில் பி. 4 கிரெடிட் பாடத்தில் பி மைனஸ். பெருக்கினால் 11.1, 9.9, 6.9, 6.0, 10.8. கூட்டினால் 44.7. கிரெடிட் 15. வகுத்தால் 2.98. இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவுக்கு வழக்கமாக 3.00 வேண்டும், ஆக மயிரிழையில் தவறுகிறது. அந்த 4 கிரெடிட் பாடத்தில் மட்டும் பி வந்திருந்தால் மொத்தம் 45.9, ஜீ.பி.ஏ. 3.06. அதே முன்னேற்றத்தை 2 கிரெடிட் பாடத்தில் காட்டியிருந்தால் 45.3, அதாவது 3.02தான். நேரம் போதாதபோது எந்தப் பாடத்துக்கு முதலில் இருப்பது என்று இதிலிருந்தே தெரியும்.

மேற்பிரிவுக்கு 3.30, முதல் வகுப்புக்கு 3.70. முதலாம் ஆண்டுப் புள்ளி எவ்வளவு சேர்க்கப்படும் என்பது பீடத்துக்குப் பீடம் மாறும். மாணவர் கைநூலில் இருக்கும். முழுதாகச் சேரும் இடத்தில், 120 கிரெடிட் பட்டத்தில் முதல் 30 கிரெடிட்டை 2.70இல் முடித்தவர் மேற்பிரிவு எடுக்க வேண்டுமானால் மிச்சம் 90 கிரெடிட்டிலும் சராசரி 3.50 எடுக்க வேண்டும். 'முதல் வருசம் சும்மா இருக்கலாம்' என்று சொல்லும் சீனியரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பரீட்சையன்று நோய் வந்தால்?

எழுதாமல் அறையில் படுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துச் சான்றிதழோடு போனால் பெரும்பாலும் ஏற்கப்படாது. அன்றே, முடியாவிட்டால் நண்பர் ஒருவர் மூலமாக, பல்கலைக்கழக வைத்திய அதிகாரிக்கும் பீட அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். தனியார் வைத்தியரின் சான்றிதழ் என்றால் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். கைநூலில் குறித்த நாட்களுக்குள் கொடுத்து, பிரதியில் கிளையின் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. சான்றிதழ் ஏற்கப்பட்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தோற்றுதலாகக் கொள்ளப்படும். எடுத்த தரம் அப்படியே கிடைக்கும். ஏற்கப்படாவிட்டால் அது மீள்தோற்றுதல். எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி, அதாவது 2.0க்கு மேல் போகாது.

ஆங்கிலம் வராதவர் விஞ்ஞான பீடத்தில் தாக்குப்பிடிப்பாரா?

தாக்குப்பிடிப்பார். தமிழில் உயர்தரம் படித்து வந்தவர்கள்தான் வகுப்பில் பலர். முதல் ஆறு வாரம் விரிவுரையில் பாதி பிடிபடாது, அது இயல்பு. நாளைய விரிவுரையின் தலைப்பிலுள்ள கலைச்சொற்கள் பத்தை முதல் நாள் இரவே பார்த்துவிட்டுப் போனால் மறுநாள் காது பழகும். ஆங்கில மொழிக் கற்பித்தல் வகுப்புக்குக் கிரெடிட் இல்லையென்று விடாதீர்கள். விடையை முதலில் தமிழில் எழுதி மொழிபெயர்க்கும் பழக்கம்தான் பரீட்சை நேரத்தைத் தின்பது. கட்டமிட்ட படம், சமன்பாடு, சிறு வாக்கியம் என்று நேரே ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள்.

கலைப்பீடத்தில் தமிழில் படிப்பவர்களுக்கு, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பழைய இதழ்களும் இலவசமாக உள்ளன. ஒப்படை எழுத உட்காரும்போது முதலில் தேட வேண்டிய இடம் அது.

பகிடிவதை நடந்தால் என்ன செய்வது?

பகிடிவதை குற்றம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதற்கு 2 ஆண்டு வரை சிறை. அதன்போது பாலியல் தொல்லையோ பாரிய காயமோ ஏற்படுத்தினால் 10 ஆண்டு வரை. மிரட்டிப் பணியவைப்பதும், அறையில் அடைத்து வைப்பதும் அதே சட்டத்தில் தனித்தனிக் குற்றங்கள். 'பழகுவதற்காகத்தான்' என்ற சமாதானத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

இப்போது அது மைதானத்தில் நடப்பதைவிட இரவில் தொலைபேசியில்தான் நடக்கிறது. புதியவர்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பார்கள், இன்ன நிறச் சட்டைதான், இன்ன வழியால்தான் நடக்க வேண்டும் என்பார்கள். இவை எவையும் பல்கலைக்கழக விதி அல்ல. புதியவருக்கென்று உடைச் சட்டம் எந்தக் கைநூலிலும் கிடையாது.

செய்தியை அழிக்காதீர்கள். இலக்கமும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து, வீட்டில் ஒருவருக்கு உடனே அனுப்பி வையுங்கள். உங்கள் தொலைபேசியைப் பறித்தாலும் அது தப்பும். திகதி, நேரம், இடம், யார் யார் நின்றார்கள், என்ன சொன்னார்கள் என்று அன்றிரவே எழுதுங்கள். மறுநாள் சிரேஷ்ட மாணவ ஆலோசகரிடமோ பீடாதிபதியிடமோ எழுத்தில் கொடுங்கள். உள்ளே கொடுக்கப் பயமாக இருந்தால் மானியங்கள் ஆணைக்குழுவின் இணைய முறைப்பாட்டு வழி இருக்கிறது. அடி, காயம் என்றால் காத்திராமல் வைத்தியசாலைக்கும் பொலிசுக்கும்; வைத்தியசாலைப் பதிவு பின்னர் மறுக்க முடியாத சான்று.

முறைப்பாடு செய்தவரை அணியே ஒதுக்கிவைக்கும் என்ற பயம் உண்மையானது. சில வாரம் ஒதுக்குவார்கள். ஆனால் தனியாக ஒருவர் போவதைவிட மூன்று பேர் ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டால் ஒதுக்குவது கடினம். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: 'எல்லாரும் பட்டதுதானே, பொறுத்துக்கொள்' என்று சொல்லாதீர்கள். படிப்பைப் பாதியில் விட்டுப் போன பிள்ளைகள் பலர் வீட்டில் முதலில் கேட்ட பதில் அதுதான்.

ஒரு நிகழ்வு நடத்த மண்டபம் எடுப்பது எப்படி?

பீட மாணவர் ஒன்றியம் அல்லது பதிவு செய்த மன்றம் ஊடாகத்தான். கடிதம் மன்றச் செயலாளர் எழுத, சிரேஷ்ட பொருளாளரான விரிவுரையாளர் பரிந்துரைத்து, பீடாதிபதி வழியாகப் பதிவாளருக்குப் போகும். நான்கு கை மாற வேண்டியிருப்பதால் குறைந்தது நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள். நிகழ்வு முடியும் நேரம், ஒலிபெருக்கி, வெளியிலிருந்து வரும் விருந்தினர் பெயர் ஆகியவை கடிதத்தில் இல்லாவிட்டால் திரும்பி வரும். மேடைக்கு மின்பிறப்பாக்கி உண்டா, அதன் எரிபொருளுக்கு யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் கலைவிழா பாதியில் நின்றதற்கெல்லாம் அதுதான் காரணம்.

வளாகத்தில் வருடத்தில் என்னென்ன நடக்கும்?

தைப்பொங்கல், சிவராத்திரி, நவராத்திரியில் வாணி விழா, நத்தார் கரோல், வெசாக், பீடங்களுக்கிடையிலான விளையாட்டு, பட்டமளிப்பு. இவற்றோடு வளாகத்தின் நினைவு நாட்களும் உண்டு. மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள். வளாகத்திலிருந்த நினைவுத்தூபி 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இடிக்கப்பட்டு, மாணவர் உண்ணாவிரதமிருந்த பின் 11ஆம் திகதி மீண்டும் அடிக்கல் வைக்கப்பட்டது. 2001 ஜனவரியில் பொங்கு தமிழ் நிகழ்வு நடந்ததும் இந்த வளாகத்தில்தான். செப்டெம்பர் 21, உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த மருத்துவர் ராஜினி திராணகம 1989இல் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். புதிதாக வருபவர் எல்லாவற்றிலும் பங்குபற்ற வேண்டும் என்றில்லை. ஆனால் எந்த நாள் ஏன் அமைதியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நடப்பது இந்த மண்ணுக்குச் செய்யும் மரியாதை.

சிங்கள, முஸ்லிம் மாணவரோடு சேர்ந்து நிகழ்வு செய்யும்போது?

விஞ்ஞானம், பொறியியல் போன்ற பீடங்களில் தெற்கிலிருந்து வருவோர் கணிசம். 2016 ஜூலையில் விஞ்ஞான பீட வரவேற்பு நிகழ்வில் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றிய தகராறு கைகலப்பாகி, பல்கலைக்கழகமே சில நாள் மூடப்பட்டது. நிகழ்ச்சி நிரலை முதல்நாள் அல்ல, இரண்டு வாரம் முன்பே எல்லா மொழிப் பிரதிநிதிகளும் இருந்து முடித்து, ஒப்பமிட்டு, அதன்பின் எவரும் எதையும் சேர்ப்பதில்லை என்று வைத்தால் இந்த வகைச் சிக்கல் எழாது. நோன்புக் காலத்தில் பிற்பகல் ஒன்றுகூடலை நோன்பு திறக்கும் நேரத்தோடு மோதாமல் வையுங்கள்.

கிளிநொச்சியில் படிப்பவர்களுக்கு?

அறிவியல் நகரில் நிழல் குறைவு, வெயில் கூட, கடைகளும் குறைவு. தண்ணீர்ப் போத்தல் ஒரு லீற்றருக்குக் குறையாமல் வைத்திருங்கள். ஏ9 வீதியைக் குறுக்கே கடக்கும்போது பேருந்து நின்றதும் அதன் முன்னால் ஓடாதீர்கள். பின்னால் வரும் வாகனத்துக்கு உங்களைத் தெரியாது. அறிவியல் நகர் புகையிரத நிலையத்தில் எல்லா வண்டியும் நிற்பதில்லை. கடுகதியில் வந்தால் கிளிநொச்சியில் இறங்கி பேருந்தில் வருவது வழக்கம்.

ஊருக்குப் போகப் புகையிரத ஆசனம் கிடைப்பதில்லையே?

நீண்ட விடுமுறைக்கு, முற்பதிவு திறக்கும் நாளிலேயே பதிய வேண்டும். விடுமுறை முடிந்து திரும்பும் பயணத்தை முதலில் பதியுங்கள். போவதற்கு எப்படியும் ஒரு பேருந்து கிடைக்கும். திரும்ப முடியாமல் திங்கள் செய்முறையை விட்டவர்கள்தான் பலர்.

சைக்கிள் வேண்டுமா?

வேண்டும். யாழ்ப்பாணம் மேடு பள்ளமில்லாத ஊர். பழைய சைக்கிள் போதும், ஆனால் வெளிச்சமும் நல்ல பூட்டும் அவசியம்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் எப்போது பயப்பட வேண்டும்?

இங்கே மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை. அதோடு டெங்கும் வரும். காய்ச்சலுக்கு பரசிற்றமோல் மட்டும்: வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். அஸ்பிரின், இபுபுரோபன் தொடவே கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை.

அறைத் தோழர்கள் ஏமாறுவது காய்ச்சல் விட்ட நாளில். சூடு இறங்கிவிட்டது, குணம் என்று விட்டுவிட்டு விரிவுரைக்குப் போய்விடுவார்கள். டெங்கில் ஆபத்தான காலம் தொடங்குவது அப்போதுதான். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல், முரசில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். காய்ச்சல் விட்ட பின் வரும் இரண்டு நாளும் காய்ச்சல்காரரைத் தனியே விடாதீர்கள்.

வந்து ஒரு மாதமாகியும் மனம் ஒட்டவில்லை, யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. என்ன செய்ய?

முதலாம் ஆண்டில் இப்படிக் கேட்பவர்கள் நிறைய. வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே இருப்பது மூன்று நாளைத் தாண்டினால், அல்லது சாப்பாடும் தூக்கமும் குலைந்தால், மாணவ ஆலோசகரிடம் போங்கள். பேச்சு வெளியே போகாது, பெறுபேற்றிலும் பதியப்படாது. நள்ளிரவில் தாங்க முடியாமல் வந்தால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலும் பேசலாம். பக்கத்து அறையில் ஒருவர் இப்படி இருப்பதைக் கண்டால் அறிவுரை வேண்டாம். பிளேன்ரீ ஒன்றை ஊற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள்.